ஆம்புலன்ஸ் ஓட்ட எந்த உரிமம்?



நம் நாட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டுவதற்கென்று தனியாக ஓர் உரிமம் கிடையாது. இதைக் கேட்போர் முதலில் நம்ப மறுப்பதுண்டு. மின்சார ரிக்ஷா ஓட்டுவோருக்குத் தனி விதி இருக்கிறது. பெட்ரோலும் அமிலமும் ஏற்றிச் செல்லும் லாரியை ஓட்டுவோருக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. உயிர் ஊசலாடும் ஒருவரை ஏற்றிக்கொண்டு நகரத்தின் நெரிசலுக்குள் புகுந்து செல்வோருக்கு மட்டும், சாதாரண கார் ஓட்டுவோர் பெறும் உரிமமே பெரும்பாலும் போதுமென்று சட்டம் கருதுகிறது.

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வந்து குடியேறிய நம்மவருள் வண்டியோட்டிப் பிழைப்போர் பலர். வாடகைக் கார், பள்ளி வண்டி, சரக்கு வண்டி என்று தொடங்கி, மருத்துவமனையொன்றில் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை கிடைத்தால் நிலையான சம்பளம் வருமே என்று நினைக்கும் இளைஞர் பலரை நாம் சந்தித்திருக்கிறோம். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, “ஐயா, ஆம்புலன்ஸ் லைசென்ஸ் எந்த ஆபீசில் கொடுக்கிறார்கள்?” என்பதே. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி அவர்களிடம் பணம் பறிக்கும் இடைத்தரகரும் இல்லாமற் போகவில்லை. ஆதலின் சட்டம் சொல்வது இன்னதென்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம்.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வந்தது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அது 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமம் பற்றிய அடிப்படைகள் எல்லாம் அதிலும், அதே ஆண்டு இயற்றப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் உள்ளன. உரிமம் என்பது வண்டியின் வகைக்கு வழங்கப்படுவது. வண்டியில் ஏறுபவர் நோயாளியா, மணமகனா என்பதை அது கேட்பதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியை ‘இலகு ரக மோட்டார் வாகனம்’ என்று சட்டம் பெயரிடுகிறது. நாம் நகரங்களில் காணும் ஈக்கோ, விங்கர், டிராவலர் ஆகிய ஆம்புலன்ஸ்கள் யாவும் இந்த எல்லைக்குள் அடங்குபவையே.

சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. 2004ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் ஆம்புலன்ஸ் ‘போக்குவரத்து வாகனம்’ என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டது. போக்குவரத்து வாகனம் ஓட்டுவோர் அதற்கெனத் தனிக் குறிப்பை உரிமத்திற் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் மூன்றாம் பிரிவு. அப்படியாயின், எடையால் இலகு ரகமும் பயனால் போக்குவரத்து வாகனமுமான ஆம்புலன்ஸை வெறும் கார் உரிமத்தோடு ஓட்டலாமா? எம் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தச் சட்டத்தில் அதிகம் தலைவலி தந்தவை இந்த இரண்டு சொற்றொடர்களேயாம். தமிழில் எப்படி எழுதினாலும், ஒன்று மற்றொன்றை விழுங்குகிறதா, அல்லது இரண்டும் அருகருகே நிற்கின்றனவா என்பது விளங்குவதில்லை. மூலத்திலேயே விளங்காதது மொழிபெயர்ப்பில் விளங்குவதெப்படி!

உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு முகுந்த் தேவாங்கன் வழக்கில் இதற்கு விடை சொன்னது. 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை இலகு ரக உரிமம் பெற்றவர் ஓட்டலாம். தனிக் குறிப்பு வேண்டுவதில்லை என்பது அத்தீர்ப்பு. காப்பீட்டு நிறுவனங்கள் அதை ஏற்கத் தயங்கின. பின்னர் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6ஆம் நாள் அதே கருத்தை உறுதி செய்தது. போக்குவரத்து வாகனங்களுக்கெனச் சட்டம் விதித்துள்ள கூடுதல் தகுதிகள் 7,500 கிலோவுக்கு மேற்பட்ட நடுத்தர, கனரக வண்டிகளுக்கே பொருந்தும் என்றும் அது தெளிவுபடுத்தியது. மின்சார ரிக்ஷாவும் அபாயகரமான சரக்கு வண்டியும் மட்டும் பழைய தனி விதிகளின்கீழேயே நீடிக்கின்றன.

பிழைப்பைத் தேடும் ஓட்டுநருக்கு இத்தீர்ப்பு பெரிய ஆறுதலே. ஆயினும் அதை எழுத்துக்கு எழுத்து கொண்டால், பதினெட்டு வயது நிரம்பி நேற்று உரிமம் பெற்ற பிள்ளை இன்று ஆம்புலன்ஸின் சக்கரத்தைப் பிடிக்கச் சட்டத்தில் தடையில்லை என்றாகிறது. இது நமக்கு உவப்பாக இல்லை. இதைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

உரிமம் பெறும் முறையை நேயர்களிற் பலர் அறிவார்கள். சுருங்கச் சொல்லி நகர்வோம். முதலில் எல்.எல்.ஆர். என்று வழங்கும் பழகுநர் உரிமம். அது ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று முப்பது நாள் கழிந்த பிறகே ஓட்டுத் தேர்வுக்குச் செல்லலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருவர் தாம் வசிக்கும் மாநிலத்திலுள்ள எந்த உரிம அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டுமென்று போக்குவரத்து வாகன ஓட்டுநருக்கு முன்பு இருந்த விதி அதே 2019இல் நீக்கப்பட்டது. நாற்பது வயது கடந்தவர் 1-ஏ என்னும் படிவத்தில் மருத்துவரின் சான்று தரவேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் பார்வை உண்டா, மாலைக்கண் உண்டா, சாதாரண ஒலிக்குறிப்புகள் காதில் விழுகின்றனவா என்பன அதிலுள்ள கேள்விகள். இரவில் ஆம்புலன்ஸ் ஓட்ட எண்ணுபவர் நாற்பதைக் கடவாதவராயினும் இந்தச் சோதனையைத் தாமாகவே செய்துகொள்வது நன்று. பேருந்து போன்ற பெரிய ஊர்தியை ஆம்புலன்ஸாக ஓட்ட நேரின், இருபது வயதும், இலகு ரக உரிமத்தில் ஓராண்டுப் பழக்கமும், பயிற்சிப் பள்ளியின் சான்றும் வேண்டும். அவ்வுரிமம் ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கே ஒரு கேள்வி எழும். மதுரையிலோ வேலூரிலோ வாங்கிய உரிமம் தில்லியில் செல்லுமா? செல்லும். ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லத்தக்கது என்று சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகிறது. இங்கே புதிதாக எடுத்தால்தான் ஆகும் என்று சொல்லும் தரகரை நம்பவேண்டா. ஆனால் பேட்ஜ் வேறு. ஓட்டுநர் அணியும் வில்லையும் சீருடையும் அந்தந்த மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டவை. ஊரில் பெற்ற வில்லை இங்கே ஏற்கப்படுமா என்பதை வேலைக்குச் சேருமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் கேட்டறிய வேண்டும். பழைய புத்தக வடிவ உரிமம் வைத்திருப்பவர், அது ‘சாரதி’ என்னும் மின்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளட்டும். ஏறாதிருந்தால் உரிமம் தந்த பழைய அலுவலகத்தைத்தான் நாட வேண்டியிருக்கும். புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது ஆயிரம் மைல் தூரம் பெருந்தொல்லையாகிவிடும்.

தகுந்த உரிமமின்றி ஓட்டுவோருக்கும், ஓட்டவிடும் உரிமையாளருக்கும் சட்டம் 2019 முதல் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ மூன்று மாதச் சிறையோ குறிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம் என்பது 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கு முதல் நிலைத்த நெறி. வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்ற சலுகை ஆம்புலன்ஸுக்கு உண்டு. அதைக் கேட்டுவிட்டு ஓட்டுநருக்கும் உரிமம் வேண்டாமென்று எண்ணிக்கொள்வோர் இருக்கின்றனர். வண்டிக்கு உள்ள சலுகை மனிதருக்கு இல்லை.

இனி, உவப்பாக இல்லை என்றோமே, அதற்கு வருவோம்.

அபாயகரமான சரக்கை ஏற்றும் ஓட்டுநர் மூன்று நாள் தனிப் பயிற்சி பெற வேண்டுமென்று மத்திய விதிகளின் ஒன்பதாம் விதி கூறுகிறது. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. டாங்கரில் இருப்பது என்னவென்று ஓட்டுநர் அறியவேண்டும் என்பதே நோக்கம், மிக நியாயம். ஆம்புலன்ஸின் பின்புறத்தில் இருப்பது என்னவென்று அறிய ஒரு நாள் பயிற்சியும் அதே விதிகளில் கட்டாயமாக்கப்படவில்லை. சில மாநிலங்கள் தம்மளவில் கூடுதலாகக் கேட்கலாம். பெரிய சேவைகள் தாமே பயிற்சியளிக்கின்றன. 2005 ஆகஸ்டு 15இல் ஐதராபாத்தில் தொடங்கி, 2008இல் தமிழகத்திற்கு வந்த 108 சேவையில் ஓட்டுநரைப் ‘பைலட்’ என்றே அழைக்கிறார்கள். உரிமம் வாங்கிச் சில ஆண்டு ஓட்டிப் பழகியவரையே அவர்கள் தேர்ந்தெடுத்து, பயிற்றுவித்து அனுப்புகிறார்கள். ஆனால் சிறிய மருத்துவமனையின் வாயிலிலும் தெருமுனையிலும் நிற்கும் தனியார் வண்டிகளில், சேர்ந்த அன்றே சாவியைக் கையிற் கொடுத்துவிடுவதுதான் வழக்கமாயிருக்கிறது. ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த வண்டியே.

ஆகவே சேருமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது எந்த வகை ஆம்புலன்ஸ்? நம் நாட்டுத் தரநிர்ணயம் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை வகுத்திருக்கிறது. ஏ என்பது முதலுதவியாளர் விரைந்து சேர்வதற்கானது; பி நோயாளியைக் கொண்டு செல்வதற்கு மட்டும் உரியது; சி அடிப்படை உயிர்காப்புக் கருவிகள் உடையது; டி உயர்நிலைக் கருவிகள் உடையது. சி, டி வண்டிகளிற் பயிற்சி பெற்ற துணைவர் பின்னால் இருப்பார். பி வண்டியில் நோயாளியும் அழுதுகொண்டிருக்கும் உறவினரும் ஓட்டுநரும் மட்டுமே இருக்கக் கூடும். அங்கே முதலுதவி அறிந்தவர் யாரேனும் இருந்தால் அவர் ஓட்டுநராகத்தான் இருக்க வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு முதலுதவி வகுப்புகள் நடத்துகிறது. உரிமத்தைவிட அந்த வகுப்பின் சான்றிதழை முன்னதாக வாங்கச் சொல்லுவோம் நாம்.

வண்டியோட்டும் கலையும் இங்கே மாறுகிறது. ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் தலை பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் இருக்கும். திடீரென்று பிரேக்கை மிதித்தால் உடல் தலைப்பக்கமாக நழுவும். தலையிலோ கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டவருக்கு அந்த ஒரு குலுக்கல் போதும், இருக்கும் காயம் பெரிதாக. பின்னால் நின்று ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும் துணைவரும் தடுமாறி விழுவார். உயரமான இவ்வண்டிகள் வளைவில் சாயும் தன்மை உடையவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வேகமாகச் செல்வதைக் காட்டிலும் சீராகச் செல்வதே கடினம். அதற்குப் பழக வெற்று வண்டியில் ஒருவரைப் படுக்கவைத்து ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழியில்லை. ஓட்டுநரும் ஒருமுறை தாம் அந்தப் படுக்கையிற் படுத்து, பிறர் ஓட்ட, வேகத்தடைகளைக் கடந்து பார்க்கட்டும்.

சைரனைப் பற்றியும் ஒரு சொல். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, உயிரைக் காக்கும் அவசரத்தில், சைரனும் சுழல்விளக்கும் இயங்கும்போது மட்டும், ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைக் கடக்கலாம். வேக வரம்பை மீறலாம். அதுவும் தக்க கவனத்தோடு என்ற நிபந்தனைக்கு உட்பட்டே. வெற்று வண்டியோடு உணவுக்கு விரையும்போது சைரனை ஒலிப்பவர் சலுகையைத் திருடுகிறார். அதே 2017இல்தான் அமைச்சர்களின் கார்களிலிருந்து சிவப்பு விளக்கு இறக்கப்பட்டது. அவசரப் பணி வண்டிகளுக்கு மட்டும் விளக்கு நிலைத்தது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவர்க்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று 2019இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. வழிவிடும் மக்கள் ஓரிரு முறை ஏமாந்துவிட்டால், மூன்றாம் முறை வழிவிட எந்தச் சட்டமும் அவர்களை அசைக்காது.

இறுதியாக, நம் தொழில் காரணமாக நமக்குத் தோன்றும் ஒன்று. ‘ஆம்புலன்ஸ்’ என்ற சொல்லே பலமொழி கடந்து வந்தது: லத்தீனில் ‘நடத்தல்’ என்னும் பொருளுடைய வினையிற் பிறந்து, பிரெஞ்சில் படையோடு நகரும் மருத்துவமனையைக் குறித்து, நம்மிடம் வந்தது. இலங்கைத் தமிழர் அதனை ‘நோயாளர் காவு வண்டி’ என்பர். காவடியில் உள்ள அதே ‘காவுதல்’. அதை ஓட்டுபவருக்கும் தாம் வாழும் ஊரின் மொழியில் ஒரு பிடிச் சொற்களேனும் வேண்டும். வலி, மூச்சு, இரத்தம், நினைவில்லை என்பவற்றை இந்தியில் தர்த், சாஸ், கூன், பேஹோஷ் என்பார்கள். மும்பையில் ‘துக்தே’ என்றால் வலிக்கிறது. பெங்களூரில் வலிக்கு ‘நோவு’, மூச்சுக்கு ‘உசிரு’. இரண்டும் நமக்கு அந்நியமல்ல. நமக்குத் தெரிந்த பெங்களூர் ஓட்டுநர் ஒருவர் இப்படி இருபது சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஸ்டீரிங்கிற்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறார். அப்பட்டியலில் முதலில் இருப்பது வலியுமன்று, மூச்சுமன்று. ‘பயப்படாதீர்கள்’ என்பதற்குரிய கன்னடம்.