விதியா? மடிப்பா?

(நாமக்கல்லை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றலாம். ஆகாய விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளுகிற பாராசூட்டைப் பற்றியும், அதை எப்படி மடிக்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேசப்போகிறோம். "கிணற்றில் தண்ணீரில்லை, கோழித் தீவனம் விலை ஏறிக் கிடக்கிறது, இந்தச் சமயத்தில் ஆகாயத்திலிருந்து குதிக்கிறவனைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். கேட்பது நியாயந்தான். நாமும் குதித்தவர்கள் அல்ல. பள்ளிக்கூடத்தில் நெடுநாள் இருந்தவர்களுமல்ல. படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதையே சொல்லுகிறோம். ஆனாலும் இந்த விஷயம் நம் வாசலுக்கே ஒரு நாள் வந்து நின்றது.

ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் 1993-ல் ஏற்பட்ட சேலம் விமான நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். 2012-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அங்கே நடந்த குதிப்பில் ஓர் இளம் பெண் பாராசூட் சரிவர விரியாமல் தரையில் விழுந்து இறந்துபோனார். அந்தப் பெண்ணின் பெயரை மேடையில் இழுக்க நமக்கு இஷ்டமில்லை. துக்கம் அவர் குடும்பத்தினுடையது. யார்மேல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லுவதும் விசாரிப்பவர் வேலையே ஒழிய மேடையின் வேலையல்ல. ஆனால் அந்த வாரம் டீக்கடையிலும் பஸ்ஸிலும் நம் காதில் விழுந்த பேச்சு ஒன்றுண்டு. "பாவம், அவள் விதி அங்கே வந்து முடியவேண்டுமென்று இருந்திருக்கிறது" என்பதே அது. அதைச் சொன்னவர்கள் கெட்டவர்களல்ல. இரக்கத்தோடுதான் சொன்னார்கள். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தைதான் அடுத்தவனையும் கொல்லுகிற வார்த்தை என்பது நமது அபிப்பிராயம். எப்படியெனில், சொல்லுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. குதிக்கிறவன் வயிறு கீழாக விழும்போது மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறான். அந்த வேகம் வந்தபின் ஆயிரம் அடியைக் கடக்க ஐந்தரை வினாடி போதும். 2,500 அடி உயரத்தில் இருக்கிறவனுக்குத் தரைக்கு வர சுமார் பதினான்கு வினாடி. நாம் ஒரு வாய் வெற்றிலை மடித்துப் போடும் நேரங்கூட இல்லை. அந்த நேரத்தில் வேண்டுதலை செய்து பயனில்லை. செய்யவேண்டியதையெல்லாம் பூமியிலேயே, மேஜைமேல், பொறுமையாகச் செய்து முடித்திருக்கவேண்டும்.

பாராசூட் புதிதல்ல. 1797-ல் பாரிஸ் நகரத்தில் கார்னெரின் என்பவர் பலூனிலிருந்து பட்டுத்துணிக் குடையோடு இறங்கிக் காட்டினார். அதே பாரிஸில் 1912 பிப்ரவரியில் ரைஷெல்ட் என்ற ஒரு தையற்காரர், தாமே தைத்த பாராசூட் உடையைப் போட்டுக்கொண்டு ஈபல் கோபுரத்தின் முதல் தளத்தில், 57 மீட்டர் உயரத்தில் ஏறி நின்றார். பொம்மையைக் கட்டித் தள்ளிப் பார்ப்பதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கினார். சிநேகிதர்கள் தடுத்தார்கள். கேட்கவில்லை, தாமே குதித்தார், இறந்தார். அவருக்குத் தைரியத்தில் குறைவா? இல்லை. நம்பிக்கையில் குறைவா? அதுவும் இல்லை. நம்பிக்கை நிறைய இருந்தது, சோதனைதான் இல்லை. சோதிக்காத நம்பிக்கை கோவிலில் இருந்தாலும் கோபுரத்தில் இருந்தாலும் பலன் ஒன்றுதான்.

நிற்க, இப்போதைய பாராசூட்டைப் பார்ப்போம். குதிக்கிறவன் முதுகில் ஒரு பைதான். அதற்குள் குடைகள் இரண்டு. ஒன்று வழக்கமாக விரிக்கிற பெரிய குடை. மற்றொன்று, அது ஏமாற்றினால் உதவுவதற்கான ரிசர்வ் குடை. துணி நைலான். பெரிய குடையை மடிக்கும்போது முதலில் கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். துணியை அறை அறையாகப் பிரித்து அடுக்குகிறார்கள். ஸ்லைடர் என்று ஒரு சதுரத் துணி கயிறுகளின்மேல் ஓடுகிறது. குடை ஒரே அறையாக அறைந்து விரிந்து ஆளின் எலும்பை முறிக்காமல், மெள்ள விரியச் செய்வது அதுதான். அதை மேலே முட்டத் தள்ளி வைக்காவிட்டால் ஆபத்து. பிறகு கயிறுகளைச் சிறு சிறு கட்டாக ரப்பர் வளையங்களில் மாட்டுகிறார்கள். தளர்ந்துபோன ரப்பர் ஒன்று கயிற்றை முன்கூட்டியே விட்டுவிட்டால் குடை கோணலாக விரியும். ஒரு சிறு ரப்பர் வளையத்தில் ஓர் ஆளின் உயிர் தொங்குகிறது.

இந்தப் பெரிய குடையைக் குதிக்கிறவனே மடித்துக்கொள்ளலாம் என்பது அமெரிக்கச் சட்டம். ஆனால் ரிசர்வ் குடையை அவன் தொடக்கூடாது. பரீட்சை கொடுத்துச் சான்று பெற்ற ஆள்தான் அதை மடிக்கவேண்டும். அவருக்கு ரிக்கர் என்று பெயர். (இந்தப் பக்கத்தில் ரிக் என்றால் திருச்செங்கோட்டுப் போர் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும், இது வேறு.) குதித்தாலும் குதிக்காவிட்டாலும் 180 நாளைக்கு ஒரு முறை அதைப் பிரித்து, துணி, தையல், கயிறு எல்லாம் பார்த்துத் திரும்ப மடிக்கவேண்டும். முன்பு இது 120 நாளாக இருந்தது. அனுபவத்தைச் சோதித்துப் பார்த்து 2008-ல் 180 ஆக்கினார்கள். பார்த்தீர்களா, உயிர் காக்கிற விதியைக்கூட அவர்கள் சாஸ்திரம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை! ஆராய்ந்தார்கள், மாற்றினார்கள்.

மடித்து முடித்ததும் அந்த ரிக்கர் தமது கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார், ஒன்று உள்ளே அகப்பட்டுக் கொண்டாலும் குடை விரியாதென்பதால். பிறகு ஒரு சீட்டில் தேதி, இடம், என்ன செய்தார் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தப் பையிலேயே வைக்கிறார். கடைசியாக, பையை மூடியிருக்கிற ஊசியில் ஒரு மெல்லிய நூலைச் சுற்றி, தமக்கென்று ஏற்பட்ட அடையாளத்தைப் பதித்த ஈய முத்திரையை வைத்து நசுக்குகிறார். அந்த நூல் பெரும்பாலும் சிவப்பு.

தோழர்களே! இந்தச் சிவப்பு நூலைத்தான் உங்களுக்குக் காட்டவேண்டுமென்று வந்தோம். நம் கைகளிலும் சிவப்புக் கயிறு இருக்கிறது. லாரியின் கண்ணாடியிலும் தொங்குகிறது. இரண்டுக்கும் என்ன பேதம்? ரிக்கரின் நூல் யாரையும் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அதைக் கையால் இழுத்தால் அறுந்துவிடும். அறுந்துவிடவேண்டும் என்பதற்காகவே மெல்லிய நூலாகக் கட்டுகிறார்கள். அது சாட்சி மட்டுமே. "இன்னார் மடித்தார், அதன்பின் வேறு கை படவில்லை" என்று சொல்லுகிற சாட்சி. நம் கைக் கயிறு எதற்குச் சாட்சி? அதைக் கட்டியவரிடம் "இது தவறினால் நீர் பொறுப்பா?" என்று கேட்டால் ஒப்புக்கொள்வாரா? அமெரிக்க ராணுவத்தில் பாராசூட் மடிக்கிறவர்கள், தாங்கள் மடித்த எந்தக் குடையையும் தாங்களே மாட்டிக்கொண்டு குதிக்கத் தயார் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். தாயத்து விற்கிறவர் அந்தத் தாயத்தை நம்பி எதிலிருந்து குதிப்பார் என்று கேட்கிறோம்.

மடித்ததோடும் விடுவதில்லை. மாட்டிக்கொள்ளுமுன் ஒரு தரம், விமானத்தில் ஏறுமுன் ஒரு தரம், குதிக்குமுன் ஒரு தரம், ஆக மூன்று தரம் சோதனை. மார்புப் பட்டை, இரண்டு தொடைப் பட்டை மாட்டியிருக்கிறதா? தோளில் இருக்கும் மூன்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று சரியாக அமர்ந்திருக்கின்றனவா? பெரிய குடையைத் திறக்கிற பிடி, அதைக் கழற்றி விடுகிற பிடி, ரிசர்வைத் திறக்கிற பிடி மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா? முதுகில் உள்ள ஊசியைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதாகையால் பக்கத்திலிருப்பவன் பார்க்கிறான். எவ்வளவு பெரிய நிபுணனானாலும் தன் முதுகை இன்னொருவனிடம் காட்டித்தான் ஆகவேண்டும். இதில் உயர்ந்தவன் தாழ்ந்தவன் இல்லை.

"இவ்வளவு செய்தும் சாகிறவர்கள் இருக்கிறார்களே, அது விதிதானே?" என்று ஒரு நண்பர் கேட்பார். சாகிறார்கள், நாம் மறைக்கவில்லை. நல்ல குடை நன்றாக விரிந்த பிறகும், தரைக்குச் சமீபத்தில் வேகமாகத் திருப்பி மோதிச் சாகிறவர்களும் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு சாவுக்கும் காரணம் தேடுகிறார்கள். சிக்கிய குடையைக் கழற்ற நேரமாகிறது என்று கண்டார்கள். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் அந்த மூன்று வளையத்தை பில் பூத் என்ற அமெரிக்கர் 1970-களில் கண்டுபிடித்தார். மயங்கிப்போனவனும் மலைத்துப்போனவனும் பிடியை இழுப்பதில்லை என்று கண்டார்கள். ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் என்பவர் சைப்ரஸ் என்ற ஒரு சிறு கருவியைச் செய்தார்; அது 1991-ல் விற்பனைக்கு வந்தது. சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஆள் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அது தானே ரிசர்வின் கட்டை அறுத்துத் திறந்துவிடும். "விதி" என்று சொல்லி வீட்டுக்குப் போயிருந்தால் இந்த இரண்டும் உண்டாகியிருக்குமா? காரணம் என்று கேட்டவன் வளையம் செய்தான். விதி என்று சொன்னவன் இன்னும் பிணம்தான் தூக்குகிறான்.

பெண்களுக்கு இதெல்லாம் ஏன் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1959-ல் கீதா சந்தா என்ற விமானப்படை டாக்டர் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியப் பெண்ணானார். சீத்தல் மகாஜன் 2004-ல் வடதுருவத்தில் குதித்தார். குடைக்கு ஆண் பெண் தெரியாது. ஒழுங்காக மடித்தது, மடிக்காதது இரண்டுதான் அதற்குத் தெரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். நீங்களும் நாமும் விமானத்திலிருந்து குதிக்கப்போவதில்லை. ஆனால் கயிற்றில் தொங்கவில்லையா? நமக்குப் பதினாறு வயதில், ஒரு தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தும் வேலையில் நமது சித்தப்பா கீழே நின்றுகொண்டிருந்தார். கல் நிரப்பிய தொட்டியைக் கிரேன் மேலே இழுத்தது. கம்பிக் கயிற்றில் ஓரிடத்தில் இழைகள் அறுந்து முள் முள்ளாக நின்றன. மூன்று மாதமாக நின்றன. பிடித்தவன் கையிலெல்லாம் குத்தியது. "கம்பி குத்துகிறது" என்று தினம் திட்டிக்கொண்டே கையில் துணி சுற்றிக்கொண்டு பிடித்தார்கள். நாமும் அப்படித்தான் பிடித்தோம். அதாவது, கயிறு மூன்று மாதம் பேசிக்கொண்டிருந்தது. நாம் அதன் வாயைத் துணியால் கட்டினோம்! அறுந்த நாள் காலையிலும் கிரேனுக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டித்தான் இறங்கினார்கள். தொட்டி விழுந்தது. சித்தப்பாவுக்கு ஒரு கால் போயிற்று. பிறகு வாழ்ந்த நாளெல்லாம் திண்ணையில்தான். "காலோடு போயிற்றே, உயிர் பிழைத்தது தெய்வச் செயல்" என்றார்கள். கால் போனது விதியின் கணக்கில். உயிர் நின்றது தெய்வத்தின் கணக்கில். கயிற்றின் கணக்கில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஆகவே அடுத்த வாரம் அதே கயிற்றை முடிச்சுப் போட்டு அதே கிணற்றில் விட்டார்கள். இதை நாம் கண்ணால் பார்த்தோம்.

ஆகையால் தோழர்களே, உங்களைப் பெரிய தியாகம் எதுவும் செய்யச் சொல்லவில்லை. கற்பூரம் காட்டுகிறவர் காட்டட்டும். அதைப் பற்றி வேறொரு நாள் பேசிக்கொள்வோம். கிணற்றுக் கிரேனிலும், போர் வண்டியிலும், லாரியிலும் ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். கயிறு, கொக்கி, பிரேக், டயர் இவைகளைப் பார்த்த தேதியும், பார்த்தவர் பெயரும், கையெழுத்தும் அதில் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். கம்பி குத்தினால் துணி சுற்றாதீர்கள். கயிற்றை மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் இறங்க மாட்டேன் என்று சொல்லுங்கள். கூலிக்கு வந்தவனுக்கு அந்த உரிமை ஏது என்று முதலாளி கேட்டால், விழப்போகிறவன் நீயல்லவே என்று திருப்பிக் கேளுங்கள். பணம் கட்டிக் குதிக்கப் போகிற நம் பிள்ளைகளும் ரிசர்வ் சீட்டைக் காட்டு, தேதியைக் காட்டு, முத்திரையைக் காட்டு என்று கேட்கட்டும். காட்ட வெட்கப்படுகிறவனிடம் குதிக்கவேண்டாம்.

யார் பார்த்தது? என்றைக்குப் பார்த்தது? கையெழுத்து எங்கே? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிற இடத்தில் தைரியமாக இறங்குங்கள். பதில் இல்லாத இடத்தில், எத்தனை கயிறு கையில் கட்டியிருந்தாலும் இறங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.