கால் எழும்பலைன்னா தைராய்டையும் பாருங்க



தைராய்டுன்னாலே பொம்பளைங்க நோய்னு நினைக்கிறோம். அதிகம் வருவதும் நமக்குத்தான். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நல்லா சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனா ஆம்பிளைங்களையும் அது விடாது. 1991 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் ஓட்டப் பயிற்சி செய்யும்போது மூச்சு வாங்கி, இதயத் துடிப்பு தப்பிப்போனது. காரணம் தைராய்டு. அவர் மனைவி பார்பராவுக்கும் முன்னமே அதே நோய் இருந்தது.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற இருபது, முப்பது வயசுப் பையன்னு வச்சுக்கோங்க. நாள் முழுக்க லோடு தூக்கிட்டு, ராத்திரி வயிறு நிறைய பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டுப் படுக்கிறான். விடியக்காலையில் எழுந்திருக்கப் பார்த்தால் இரண்டு காலையும் ஊன்ற முடியவில்லை. நினைவு தெளிவாக இருக்கு, பேச்சு குழறலை, தொட்டால் தெரியுது. தொடையில் மட்டும் பலமே இல்லை. நாம என்ன செய்வோம்? குடிச்சிருக்கான்னு திட்டுவோம், இல்லேன்னா காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிப் போவோம்.

தைராய்டு அதிகமானால் ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியத்தைத் தசைக்குள்ளே தள்ளிவிடும். சோறு, மைதா அதிகம் சாப்பிடும்போது சுரக்கிற இன்சுலினும் அதே வேலையைச் செய்யும். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் தசை வேலை செய்யாது. இந்த வாதம் ஆசியக்காரர்களிடம், அதிலும் ஆண்களிடம்தான் அதிகம். சில பேருக்குத் தைராய்டு இருப்பதே இப்படி விழுந்த பிறகுதான் தெரியவரும்.

சில மணி நேரத்தில் தானாகவே சரியாகியும் விடும். பையன் மறுநாளே ஷிஃப்டுக்குக் கிளம்பிடுவான். விடாதீங்க. பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம்.

யார் சோர்ந்து விழுந்தாலும் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு நாமளே கேட்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. இந்த வாதத்துக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். இளநீரில் பொட்டாசியம் இருக்கு, உண்மைதான். அதை நம்பி வீட்டில் வச்சுக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. ஈசிஜியும் பொட்டாசியமும் உடனே பார்க்கணும். தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்க.

தைராய்டு கட்டுக்குள் வந்தால் இந்த வாதம் திரும்ப வராது. அதற்குத் தருகிற கார்பிமசோல் மாத்திரையை நாமா நிறுத்தக் கூடாது. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நிறுத்தணும்: மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால். அரிதாகச் சிலருக்கு அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்தம் பார்க்கணும்.

கேள்வி இருந்தா கூட்டம் முடிஞ்சதும் வாங்க, பேசலாம்.