ஜெனரேட்டரும் அதன் வோல்டேஜ் ரெகுலேட்டரும்

(ஸ்ரீரங்கத்தில் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன்னிலையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கடன் வசூல், பங்குத் தொகை, தணிக்கை முதலியவற்றைப்பற்றியே தங்களிடம் வழக்கமாகப் பேசிவரும் நான், இன்று ஒரு யந்திரத்தைப்பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். பொதுப் பணத்தில் வாங்கிய யந்திரம் அஜாக்கிரதையால் பழுதாகுமானால், அதுவும் வராக் கடனுக்கு ஒப்பான நஷ்டமே. பால் சங்கங்களில் கறந்த பாலை 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிரச் செய்து வைக்கும் தொட்டியை, மின்சாரம் நின்ற வேளையில் ஓட்டிவைப்பது டீஸல் ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைக் காப்பது வோல்டேஜ் ரெகுலேட்டர் என்னும் சிறு கருவி. மெக்கானிக்குகள் இதனை ஏ.வி.ஆர். என்பார்கள்.

இதன் வேலை இன்னதென்பதை அறிய நாம் தூரம் போகவேண்டியதில்லை. முக்கொம்பில் காவேரியும் கொள்ளிடமும் பிரியுமிடத்தில், 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் தொடங்கிய மேலணையைத் தாங்கள் யாவரும் பார்த்திருக்கிறீர்கள். அங்கே காவலிருப்பவர் நீர்மட்டக் கல்லைப் பார்த்து, மட்டம் ஏறினால் மதகைத் திறக்கிறார், இறங்கினால் அடைக்கிறார். ரெகுலேட்டரும் அவ்விதமே ஜெனரேட்டரிலிருந்து வெளிவரும் வோல்டேஜை ஓயாமல் அளந்து, குறைந்தால் காந்தச் சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டுகிறது, மிகுந்தால் குறைக்கிறது. காவலர் தவறினாலும் மதகு பழுதானாலும் விளைவது கேடே. 2018 ஆகஸ்டில் வெள்ளத்தின்போது கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்ததை நாம் மறக்கவில்லை.

நம் பக்கத்துச் சங்கமொன்றில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன், பெயர் வேண்டாம். ஜெனரேட்டர் ஓடும்போது விளக்குகள் மங்கின. காவலாளி ரெகுலேட்டரின் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றினான், விளக்குகள் பிரகாசித்தன, யாவரும் அவனைப் புகழ்ந்தனர். உண்மையில் பழுது ரெகுலேட்டரில் இல்லை. டீஸல் வடிகட்டி அடைபட்டு, எஞ்சினின் வேகம் குறைந்திருந்தது. மறுநாள் மெக்கானிக் வந்து வடிகட்டியை மாற்றினார். வேகம் பழைய நிலைக்கு வந்தது. திருகோ திருப்பிய நிலையிலேயே இருந்தது. அன்று மாலை ஜெனரேட்டரை ஓட்டியவுடன் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறி, குளிர்ப்பெட்டியின் மோட்டார் கருகியது. அந்த வேளைப் பால் கெட்டது. ஒன்றிரண்டு பசுக்களை வைத்துப் பிழைக்கும் விதவைகளின் பாலும் அதில் இருந்தது. ஆதலால், வேகத்தைச் சரிபார்க்காமல் வோல்டேஜ் திருகில் கை வைக்கலாகாது என்பது முதல் விதி.

இனி, புதிய ரெகுலேட்டரைப் பொருத்தும் முறையைக் கூறுகிறேன். இது லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்யவேண்டிய வேலை. அருகிலிருந்து கவனிக்கும் நிர்வாகிகள், எது சரி, எது தவறு என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது, எஞ்சினை நிறுத்தி, பாட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். யாரும் அறியாமல் ஓட்டிவிட முடியாதிருத்தல் வேண்டும். சர்க்கார் மின்சாரத்தையும் ஜெனரேட்டரையும் மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அது இல்லாவிடில் நம் மின்சாரம் வெளிக் கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைப் போக்கும்.

இரண்டாவது, பழைய கருவியின் கம்பிகளுக்கெல்லாம் அடையாளச் சீட்டுக் கட்டி, போட்டோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். வோல்டேஜை அளக்கும் கம்பிகள் வேறு. காந்தச் சுருளுக்குச் செல்லும் பீல்டு கம்பிகள் வேறு. பீல்டு கம்பிகளில் பிளஸ், மைனஸ் மாறலாகாது. அளக்கும் கம்பி கழன்றுபோனால், பாதுகாப்பில்லாத ரெகுலேட்டர் வோல்டேஜே இல்லையென்று எண்ணி, முழு பலத்தையும் செலுத்திவிடும். ஆகையால் ஒவ்வொரு முனையையும் இறுக்கி, இழுத்துப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, சுருள்களை மெகரால் சோதிப்பதானால், ரெகுலேட்டரின் கம்பிகளை முன்னரே கழற்றிவிட வேண்டும். மெகரின் 500 வோல்ட் அதனுள்ளிருக்கும் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடும்.

நான்காவது, வோல்டேஜ் திருகை மிகக் குறைந்த அளவில் வைத்து, பளு எதுவுமில்லாமல் எஞ்சினை ஓட்டவேண்டும். நான்கு துருவ ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் வரும். அதனை மீட்டரில் கண்ட பின்னரே வோல்டேஜைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒரு பேஸுக்கு 230, இரண்டு பேஸுக்கிடையே சுமார் 400 என நிறுத்தவேண்டும். மீட்டர் முள் ஊஞ்சல்போல் ஆடினால், ஸ்டெபிலிட்டி திருகை ஆட்டம் அடங்கும் வரை மெதுவாகத் திருப்பவேண்டும். வேகம் தாழ்ந்தால் வோல்டேஜையும் தாழ்த்திக் காக்கும் மற்றொரு திருகு உண்டு; கம்பெனியார் வைத்த நிலையிலேயே அதனை விட்டுவிடுதல் நலம்.

ஐந்தாவது, பளுவைப் படிப்படியாக ஏற்றவேண்டும். முதலில் விளக்கு, பிறகு சிறு மோட்டார், கடைசியில் குளிர்ப்பெட்டி. ஒவ்வொரு படியிலும் வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால் குறை எஞ்சினில். ஹெர்ட்ஸ் நிலைத்திருக்க வோல்டேஜ் மட்டும் தாழ்ந்தால் குறை ரெகுலேட்டரிலோ, சுழலும் டையோடுகளிலோ, சுருளிலோ இருக்கும். இந்தப் பேதத்தை அறிந்தவரை யாரும் ஏமாற்றிப் புதுக் கருவி விற்க முடியாது.

நெடுநாள் ஓடாதிருந்த ஜெனரேட்டரில் சில சமயம் வோல்டேஜே எழாது. அதன் காந்த சக்தியின் மிச்சம் போய்விட்டதென்று பொருள். எஞ்சின் நின்றிருக்கையில் ரெகுலேட்டரிலிருந்து கழற்றிய பீல்டு கம்பிகளுக்கு, பிளஸுக்குப் பிளஸாக, 12 வோல்ட் பாட்டரியைச் சில விநாடி கொடுத்தால் அது மீளும். இதற்காகக் கருவியையே மாற்றிப் பணம் செலவிடுதல் வீண்.

அங்கத்தினர்களே! இவ்வளவும் செய்தபின், திருகுகளின்மேல் பெயிண்டால் அடையாளமிட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியைக் காரியதரிசியிடம் கொடுங்கள். வாரம் ஒருமுறை ஜெனரேட்டரைப் பளுவுடன் ஓட்டி, தேதி, நேரம், வோல்டேஜ், ஹெர்ட்ஸ், டீஸல் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் பதியுங்கள். ரொக்கப் புத்தகத்தைப்போலவே அதனையும் மாதக் கூட்டத்தில் வாசியுங்கள். படிக்கத் தெரியாத அங்கத்தினரும், "சென்ற மாதம் 230 இருந்தது, இந்த மாதம் ஏன் 215?" என்று கேட்க உரிமையுள்ளவரே. அவ்வாறு கேட்கும் அங்கத்தினர் உள்ள சங்கத்தில் யந்திரமும் நிலைக்கும், பணமும் நிலைக்கும். அடுத்த தணிக்கைக்கு வரும்போது அந்தப் புத்தகத்தை முதலில் என் முன் வைக்கும்படி கேட்டுக்கொண்டு, என் பிரசங்கத்தை முடித்துக்கொள்ளுகிறேன்.