பம்பாயில் வெண்பனி



பம்பாயில் வெண்பனி கொட்டியது என்று ஒருவர் கதை தொடங்கினால் நமக்கு நகைக்கத் தோன்றும். வானியல் அறிஞர் ஜயந்த் நார்லீகர் மராத்தியில் அத்தகைய கதை ஒன்று எழுதினார். 1988-இல் புணேயில் தோன்றிய வானியல் ஆய்வு மையத்தின் முதல் இயக்குநர் அவர், 2025-இல் மறைந்தார். அவர் கதையைப் படிக்கையில் நகைப்பு எழுவதில்லை, அச்சமே எழுகிறது.

காரணம் யாது? மிகுந்த குளிரில் நீராவி நுண்ணிய பனித்துகளாக உறையும். அத்துகள்கள் கதிரவன் ஒளியைத் திருப்பிவிடும். பூமி மேலும் குளிரும். இந்த இயற்கை நியதியே கதைக்கு அடித்தளம். நடவாதது ஒன்றே, அதைச் சூழ்ந்தவை யாவும் நடக்கக் கூடியவை.

நாமும் இம்முறையைக் கையாளலாம். பூவைக் கொண்டு வயதை எண்ணும் மாயநாடு ஒன்றைக் குழந்தைகளுக்குச் சொல்வோம். பூக்காலத்தில் பிறந்த அரசகுமாரி, பின்னர் இருமுறை பூக்கக் கண்டாள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதாகையால், நீலகிரியில் அவளுக்கு வயது 24. சஹ்யாத்ரி மலையின் கார்வியோ 7 அல்லது 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. இங்கே அவள் பதினாறைத் தாண்டாள். அரியணை ஏறுதற்குரியவள் சிறுமியாகி விடுகிறாள், கதையே மாறிவிடுகிறது.

கார்வி, குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. நமக்கு முன்பே இங்குக் குடியிருப்பது. புணேயில் பிறந்த பேரன் அதை நேரில் கண்டிருப்பான். பூவைப் பற்றிப் பிழை சொன்னால், பாட்டியின் மாயநாட்டையும் நம்பமாட்டான். நாளடைவில் தமிழ்க் கதைக்குச் செவிசாய்க்கவும் மாட்டான். ஆதலின் முதலில் மலையைப் பார்ப்போம். மாயத்தைப் பின்னர்ச் சொல்வோம்.