சைக்கிளில் ஆண் என்ன, பெண் என்ன?



இன்று நாம் சைக்கிளைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். இரண்டு சக்கரம், ஒரு சங்கிலி, ஒரு மணி. இதில் சிந்திப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சைக்கிளைப் பற்றி நாம் பேசுகிற பேச்சில்தான் இருக்கிறது விஷயம்.

கடைக்குப் போனால் முதல் கேள்வியே, "ஆம்பளை சைக்கிளா, பொம்பளை சைக்கிளா?" என்பதுதான். கம்பி நேராகப் போனால் அது ஆண். தாழ்வாக இறங்கினால் அது பெண். இரும்புக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற சைக்கிளைச் செய்தார். பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் இன்றைய சைக்கிளுக்கு அதுவே முன்னோடி. விழுந்தால் ஆபத்தான பழைய உயரச் சக்கர வண்டியைப் போல் இல்லாததால் பெண்களும் அதை ஓட்ட முன்வந்தார்கள். அந்நாளில் அந்நாட்டுப் பெண்கள் கணுக்கால்வரை பாவாடை அணிந்தார்கள். அது சிக்காமல் இருக்கவே கம்பியைத் தாழ்த்தினார்கள். ஆகவே, தாழ்ந்த கம்பி உடைக்காக வந்தது. பெண்ணுக்குப் பலம் இல்லை என்பதற்காக வந்ததல்ல. கைலி கட்டிய தாத்தாவுக்கும், முழங்கால் வலி உள்ளவருக்கும் அந்த வண்டிதான் வசதி. ஆனால் 'பொம்பளை சைக்கிள்' என்ற பெயருக்கு வெட்கப்பட்டு, எத்தனை ஆண்கள் காலைத் தூக்க முடியாமல் சிரமப்படுகிறார்கள்!

பெயரோடு இது நிற்கவில்லை. பையன் தடுமாறினால், "என்னடா, பொம்பளை மாதிரி ஓட்டுறே?" என்கிறோம். பெண்பிள்ளை நன்றாக ஓட்டினால், "ஆம்பளை மாதிரி ஓட்டுறாளே!" என்கிறோம். ஒன்று ஏச்சு, மற்றது பாராட்டு. இரண்டிலும் தாழ்ந்து போவது பெண்தான். பையன் விழுந்தால், "எழுந்திருடா, ஒன்றும் ஆகாது" என்று தட்டிக் கொடுக்கிறோம். அவள் விழுந்தால், "இதுக்குத்தான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்" என்கிறோம். காயம் ஒன்றுதான், மருந்துதான் வேறு.

'சைக்கிள்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னால், என் வகுப்பில் பல பிள்ளைகள் எழுதுவது இதுதான்: "அப்பா சைக்கிள் ஓட்டுகிறார். அம்மா பின்னால் உட்காருகிறாள்." கவனியுங்கள். ஓட்டுவது அப்பாவின் வேலை, உட்காருவது அம்மாவின் வேலை. அப்பாவுக்கு 'ஆர்', அம்மாவுக்கு 'ஆள்'. இதைப் பிள்ளைகளுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. வீட்டில் கேட்டதை எழுதுகிறார்கள். வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் பல இடங்களில் வாக்கியம் மாறவில்லை.

இது நம்மவர்களின் குறை மட்டுமல்ல. 1890-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், சைக்கிள் ஓட்டும் பெண்ணின் முகம் இறுகி விகாரமாகிவிடும் என்று எழுதினார்கள். அதற்குச் 'சைக்கிள் முகம்' என்று நோயைப் போல ஒரு பெயரும் வைத்தார்கள். அப்படியொரு நோயே இல்லை. ஒலிம்பிக்கில் ஆண்களுக்குச் சைக்கிள் போட்டி 1896-இலேயே வந்துவிட்டது. பெண்களுக்கோ 1984-இல்தான் வந்தது. எண்பத்தெட்டு ஆண்டுகள்! நம் மலேசியாவின் பாத்தேஹா முஸ்தபா என்ற பெண்மணி 2012-இல் லண்டன் ஒலிம்பிக் ஓடுதளத்தில் சைக்கிள் ஓட்டினார்.

தமிழ்நாட்டில் நடந்ததையும் கேளுங்கள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு கொடுக்கப் புறப்பட்டது. அப்போது அங்கே ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். வயலில் வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். ஊர் கேலி செய்தது, அவர்கள் நிறுத்தவில்லை. தண்ணீர் கொண்டுவரவும், விளைந்ததை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் இனி யாரையும் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களில் சிலர் 'ஆண் சைக்கிள்'தான் நல்லது என்றார்களாம். ஏன் தெரியுமா? அந்த நேர்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

பெற்றோர்களே, உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. லாரி ஓடும் சாலை, செம்பனை மரங்களுக்கு நடுவே ஆள் நடமாட்டமில்லாத பாதை, வழியில் நின்று சீட்டியடிக்கும் இளவட்டங்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் லாரி பையனுக்கும் லாரிதான். சீட்டியடிப்பவனைக் கண்டிக்காமல், பெண்ணின் சைக்கிளை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவது என்ன நீதி? பேருந்து உள்ளே வராத தோட்டத்தில், அண்ணனுக்கு நேரமிருந்தால்தான் டியூஷன் என்றால், அவள் படிப்பு அண்ணனின் ஓய்வு நேரத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. அந்த வகுப்பு தவறினால், பரீட்சையில் அது தெரியும்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் படும்படி தாழ்த்துங்கள். காலால் உந்தி உருட்டி, நிலை வந்த பிறகு மிதிக்கட்டும். பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவும், சங்கிலி கழன்றால் மாட்டவும் மகனுக்குக் காட்டும்போது மகளையும் பக்கத்தில் கூப்பிடுங்கள். தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும். மாலையில் இருவர் மூவராகச் சேர்ந்து வரட்டும். வண்டியை 'நேர்கம்பி', 'தாழ்கம்பி' என்று சொல்லிப் பழகுவோம். நன்றாக ஓட்டினால், "நன்றாக ஓட்டுகிறாய் அம்மா" என்று சொல்வோம். அதற்குமேல் ஒரு ஒப்பீடு எதற்கு?

தாய்மார்களே, ஒரு வார்த்தை. மகள் கற்றுக்கொள்ளும் அதே திடலில் நீங்களும் கற்றுக்கொள்ளலாம். அப்போது நம் பிள்ளைகள், "அம்மா சைக்கிள் ஓட்டுகிறார்" என்று எழுதுவார்கள். அந்த வாக்கியத்தைத் திருத்த எந்த ஆசிரியருக்கும் வேலை இருக்காது.