தேயிலைக்கு வந்த இணைப்பு வகுப்பறைக்கும் வர வேண்டும்

(புல்மோட்டையில் பெற்றோரும் ஆசிரியர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் எமது சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பெற்றோர்களே, ஆசிரியர்களே, தொழிலாளத் தோழர்களே,

நாங்கள் தேயிலை மலையிலிருந்து வந்திருக்கிறோம். திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கரையோரமாக இன்னும் 50 கிலோமீற்றருக்கு மேல் வந்துதான் புல்மோட்டையைச் சேர்ந்தோம். தோட்டத்து ஆட்களுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இங்கே தேயிலைச் செடி இல்லை, லயம் இல்லை, பிரட்டுக்களம் இல்லை. ஆனாலும் உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தோம்.

உங்கள் கடற்கரையில் இருப்பது சாதாரண மணல் அல்ல. இல்மனைற், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் கலந்த கனிய மணல். 1957இல் அதற்கென்று அரசாங்கக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இந்த மணல் கப்பலேறி வெளிநாடு போகிறது. வெள்ளைப் பெயின்ட்டுக்கு நிறம் கொடுக்கும் பொருளை இல்மனைற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். எங்கள் கொழுந்தும் அப்படித்தான். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். இன்று அது உலகம் முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது.

மணல் உலகத்தோடு இணைந்துவிட்டது. தேயிலையும் இணைந்துவிட்டது. அதை அள்ளுகிறவரின் பிள்ளையும், கிள்ளுகிறவரின் பிள்ளையும் இணைந்தார்களா? இன்றைக்கு நாங்கள் கேட்க வந்த கேள்வி இதுதான்.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் 12ஆம் திகதி பாடசாலைகளை மூடுவதாக அறிவித்தார்கள். தோட்டங்களுக்கோ ஊரடங்குக்குள்ளும் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. கொழுந்து எடுத்தோம், ஸ்டோர் ஓடியது, தூள் வந்தது. அந்தத் தூளை எப்படி விற்பது? கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. வாங்குபவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்து விலை கேட்பதுதான் அதுவரை வழக்கமாக இருந்தது. அதை இணையத்துக்கு மாற்றுவது பல வருடங்களாகப் பேச்சில் மட்டுமே இருந்தது. 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் மாற்றிவிட்டார்கள். பாடசாலை மூடி நான்கு வாரம் ஆகவில்லை, தேயிலைக்கு இணையம் வந்துவிட்டது.

அது நடந்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. ஏலம் நின்றிருந்தால் எங்கள் சம்பளமும் நின்றிருக்கும். நாங்கள் சொல்வது வேறு. வேண்டும் என்று நினைத்தால் இந்த நாட்டில் ஒரு சில வாரத்தில் இணைப்பு ஏற்படுத்த முடியும். அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம்.

பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இருந்தது. தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் பயிற்சிகள் அனுப்பினார்கள். ஆனால் லயத்து வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். அந்தப் போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. 1000 ரூபா வந்தது 2021 மார்ச்சில்தான். அந்தச் சம்பளத்தில் அரிசி, மாவுக்குப் பிறகு ரீலோட் போட எவ்வளவு மிஞ்சும்? தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துக் கணினி அறிவைக் கணக்கெடுக்கிறது. அதில் எப்போதும் கடைசியில் நிற்பது தோட்டம்தான்.

தோட்டம் மட்டும் என்று சொல்ல மாட்டோம். 2021இல் பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து, பாறை உச்சியில் ஏறி சிக்னல் பிடித்துப் படித்தது உலகச் செய்தியானது. அவர்கள் சிங்களப் பிள்ளைகள். சிக்னல் இல்லாத இடத்தில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒன்றுதான்.

அதே வருடம் ஜூலை 12ஆம் திகதி ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. இருபது வருடங்களுக்கு மேலாகத் தீராத சம்பள முரண்பாட்டுக்கு முடிவு கேட்ட போராட்டம் அது. ஒக்டோபர் பிற்பகுதி வரை நீடித்தது. "ஆசிரியருக்கு இணையம் பிடிக்கவில்லை" என்று அன்றைக்குச் சிலர் பேசினார்கள். உண்மை என்ன? அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்கும் மேலாக ஆசிரியர்கள் சொந்தப் போனில், சொந்தக் காசு டேட்டாவில் பாடம் நடத்தியிருந்தார்கள். தொழிலாளி தன் கத்தியைத் தானே வாங்கிக்கொண்டு மலைக்கு வர வேண்டும் என்றால் நாம் சம்மதிப்போமா? வேலைக்கான கருவியை வேலை கொடுப்பவர்தான் தர வேண்டும். வகுப்பறைக்கும் அதுதான் சட்டம்.

இனி, இணைப்பு என்றால் என்ன என்று கொஞ்சம் பேசுவோம். போனில் பாடம் வந்து விழுவது இணைப்பு அல்ல. வானொலியில் செய்தி கேட்பது போன்றது அது. பிள்ளை கேட்க வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளையும் கேட்க வேண்டும், நம் பிள்ளை பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. பிரான்சில் செலெஸ்தேன் ஃபிரெனே என்று ஓர் ஆசிரியர். ஆசிரியர் தொழிற்சங்கத்தில் உழைத்தவர். முதல் உலகப் போரில் நெஞ்சில் பட்ட காயத்தால் அவரால் உரக்கப் பாடம் நடத்த முடியாது. 1924இல் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளே தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், தாங்களே அச்சடித்தார்கள். அவருடைய பாடசாலை தெற்கே மலைக் கிராமத்தில். அந்தத் தாள்கள் தபாலில் போனது வடமேற்கே பிரித்தானிக் கடற்கரைப் பாடசாலைக்கு. மலைப் பிள்ளைகளும் கடல் பிள்ளைகளும் ஒருவருக்கு ஒருவர் எழுதிக்கொண்டார்கள். அங்கே இணையமும் இல்லை, மின்சாரமும் தேவைப்படவில்லை.

அவுஸ்திரேலியாவில் 1951இல் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து வானொலிப் பாடசாலை தொடங்கியது. பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலி வழியே, தூரத்து மாட்டுப் பண்ணைகளில் இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் போனது. ஆரம்பத்தில் ஒருவழிப் பாடம்தான். விரைவிலேயே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பிள்ளைகள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கினார்கள்.

வெளிநாடு எதற்கு, நம் மலைநாட்டுக்கே வருவோம். 1998இல் கொத்மலை சமுதாய வானொலியில் யுனெஸ்கோ உதவியோடு ஒரு திட்டம் தொடங்கினார்கள். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விபரம் தெரிந்தவர்களையும் கூட்டி வைத்து, கேட்பவர்களுக்குப் புரியும் மொழியில் வானொலியில் விளக்குவார். வீட்டில் கணினியைப் பார்த்தே இராதவர்களும் இணையத்தைக் கேள்வி கேட்டார்கள். ஒரே ஓர் இணைப்பை ஒரு பிரதேசமே பயன்படுத்தியது. ஆளுக்கொரு போன் இருந்தால்தான் இணையம் என்ற எண்ணத்தை அது அன்றைக்கே உடைத்தது.

ஆகவே எங்கள் யோசனை சின்னது. புல்மோட்டையில் ஒரு வகுப்பு. மலையில் ஒரு வகுப்பு. இரண்டும் தமிழ்மொழி மூலம் படிக்கும் வகுப்புகள். இங்குள்ள பிள்ளைகள் தங்கள் கேள்விகளைத் தாளில் எழுதட்டும். ஆசிரியர் அதைப் படம் எடுத்து அனுப்பட்டும். அங்கே உள்ள பிள்ளைகள் அம்மா அப்பாவிடம் கேட்டுப் பதிலைக் குரலில் பதிந்து அனுப்பட்டும். பிறகு அவர்கள் கேட்கட்டும், இங்கிருந்து பதில் போகட்டும். குரல் பதிவுக்கும் படத்துக்கும் அதிக டேட்டா வேண்டாம். தவணைக்கு ஒருமுறை மட்டும் நேரில் முகம் பார்த்துப் பேசினால் போதும்.

என்ன படிப்பார்கள்? ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, உலர்த்தினால் தூள். இதில் விஞ்ஞானமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. ஏலத்தில் ஒரு கிலோவுக்கு என்ன விலை, கொழுந்து எடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்று பிள்ளையே கணக்குப் போடும். இங்கே இல்மனைற்றைக் காந்தத்தால் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று மணல் ஆலையில் வேலை செய்யும் ஒரு வாப்பா விளக்கினால், எங்கள் பிள்ளைக்குக் காந்தப் பாடம் மறக்காது. இந்த வகுப்பில் ஆசிரியர் யார்? கொழுந்து எடுக்கும் அம்மா. மணல் ஆலை வாப்பா. வலை இழுக்கும் மாமா.

பழகிய பிறகு தூரத்துக்குப் போவோம். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே மொழியில், ஒரே தேயிலைக்கு நடுவில் படிக்கிறார்கள். நமக்கும் நீலகிரிக்கும் கடிகாரம் கூட ஒன்றுதான். மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. பல, ரப்பர் தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. நமக்குக் காலை 9 மணி என்றால் அங்கே பதினொன்றரை. பாடசாலை நேரத்திலேயே பேசலாம்.

எழுதிக் கொடுக்கவும் இடம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதற்கு அடித்தளம் போட்டவர் இலங்கையரான இ. மயூரநாதன். நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இலவசமாகப் படிக்கத் தரும் நூலகம் தளம் 2005இல் வந்தது. தன் ஊரைப் பற்றி ஆதாரத்தோடு நாலு வரி சேர்க்கும் பிள்ளை, உலகத்துக்கு ஒன்றைக் கொடுத்த பிள்ளை. சிக்னலே இல்லாத பாடசாலைக்கும் வழி உண்டு. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு மெமரி கார்டில் ஏற்றிக் கொண்டுபோய் இணையம் இல்லாமலே படிக்கலாம்.

பெற்றோருக்குப் பயம் இருக்கிறது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானது. அதனால் சில கட்டுப்பாடுகள் சொல்கிறோம். இணைப்பு வகுப்பின் பெயரில் இருக்கும், பிள்ளையின் பெயரில் அல்ல. ஆசிரியர் இல்லாமல் பேச்சு இல்லை. பிள்ளையின் முழுப்பெயர், வீட்டு விலாசம், போன் இலக்கம் வெளியே போகாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் அனுப்பப்படாது. எந்தப் பெற்றோரும் எந்த நேரமும் வந்து பார்க்கலாம்.

இப்போது காசு. இந்தச் செலவு பெற்றோரின் சம்பளத்திலிருந்து போகக் கூடாது. அதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். வட்டிக்கு வாங்கிப் போன் எடுத்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். ஆகவே எமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு தோட்ட, கிராமப் பாடசாலைக்கும் ஒரு கணினி, ஒரு ரவுட்டர், மாதாந்த இணையக் கட்டணம் ஆகியவற்றை அரசு தர வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் சொந்தப் போனையும் டேட்டாவையும் பாவித்தால் அந்தச் செலவு அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். மூன்றாவது, சிக்னல் கோபுரம் எங்கே போடுவது என்று முடிவு செய்யும்போது பாடசாலை இருக்கும் இடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்றார்கள். 1970களில் அவை அரசின் கைக்கு வந்தன. அந்தப் பாடசாலைகளில் படித்தவர்கள்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நின்று பேசுகிறோம். கேட்காமல் எதுவும் வரவில்லை. கேட்டதும் உடனே வந்துவிடவில்லை.

கோரிக்கை மனுவில் இங்குள்ள பெற்றோரும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மலையில் எமது தோட்டக் கமிட்டிகள் கையெழுத்துச் சேர்க்கும். மனு வலயக் கல்விப் பணிமனைகளுக்கும் அமைச்சுக்கும் போகும்.

ஆனால் வகுப்பு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகள் மலைப் பிள்ளைகளிடம் கேட்க நினைக்கும் கேள்விகளை இன்றைக்கே தாளில் எழுதித் தாருங்கள். நாளைக்கு நாங்கள் பஸ் ஏறும்போது கொண்டுபோகிறோம். பதில் வரும். பதிலோடு கேள்விகளும் வரும். தயாராக இருங்கள்.