கதிர்க்கட்டுகளும் கணக்குக் குச்சிகளும்



கணிதம் பிறவியிலேயே சிலருக்கு வாய்க்கும் வரம் என்னும் எண்ணம் இன்றும் நம்மிடையே உண்டு. அது தவறென்பதற்குப் பழஞ்சீனத்திலிருந்து ஒரு சான்று கூற விழைகின்றேன்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன், ஹான் பேரரசுக் காலத்தில், 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் நூல் தொகுக்கப்பெற்றது. நிலம் அளத்தல், தானியம் மாற்றுதல், வரி பகிர்தல் முதலியன அதன் பொருள்கள். எட்டாம் அத்தியாயத்தில் 18 கணக்குகள் உள. முதற்கணக்கைக் கேளுங்கள்.

முதல்தரக் கதிர்க்கட்டு 3, இடைத்தரம் 2, கடைத்தரம் 1 ஆகியவை சேர்ந்து 39 அளவை தானியம் தரும். அதே வரிசையில் 2, 3, 1 கட்டுகள் 34 அளவையும், 1, 2, 3 கட்டுகள் 26 அளவையும் தரும். எனில், ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டு எவ்வளவு தரும்?

இவ்வெண்களைக் குச்சிகளால் மூன்று நிரல்களாக அடுக்கினர். இரண்டாம் நிரலை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து முதல் நிரலை இருமுறை கழித்தனர். முதல்தரம் மறைந்தது, இடைத்தரம் 5, கடைத்தரம் 1, தானியம் 24 என நின்றது. மூன்றாம் நிரலிலும் இவ்வாறே படிப்படியாக நீக்க, இறுதியில் கடைத்தரக் கட்டு 36-க்கு 99 அளவை என்றாயிற்று. ஆகவே ஒரு கட்டுக்கு 2¾. பின்னோக்கிச் சென்றால் இடைத்தரம் 4¼, முதல்தரம் 9¼.

கழிக்கும்போது குறை எண் வருமாயின் அவர்கள் அஞ்சவில்லை. மிகை எண்ணுக்குச் செங்குச்சியும் குறை எண்ணுக்குக் கருங்குச்சியும் வைத்தனர். இம்முறையை இன்று உலகம் காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வழங்குகின்றது. அவர் பிறந்ததோ 1777-இல்! முதலில் குச்சி அடுக்கியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. மூலநூல் வினாவையும் விடையையும் வழியையும் தந்தது, காரணத்தைத் தரவில்லை. கி.பி. 263-இல் லியூ ஹுய் என்பார் உரையெழுதி, ஒரு நிரலிலிருந்து மற்றொன்றை முழுமையாகக் கழித்தால் எஞ்சிய உறவு கெடாது என்று விளக்கினார். காரணம் அறியாதவன் பிறர் சொன்ன வழியிலேயே நிற்பான்; காரணம் அறிந்தவன் புதுக் கணக்கையும் தானே தீர்ப்பான்.

ஆதலின், பெற்றோர்களே, ஆசிரியர்களே! 'ஏன்?' என்று வினவும் பிள்ளையை அடக்காதீர்கள். விடையோடு காரணத்தையும் கொடுங்கள். அதுவே எவராலும் பறிக்கவியலாத உடைமை.